சந்திரனில் மனிதன் குடியிருக்க முடியுமா?

காற்று கிடையாது! மழை கிடையாது! ஓர் இரவு கழிய 14 நாள் ஆகும்!

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ந் தேதி. மாலை 6 மணி 4 நிமிடம்.

இந்தியா முழுவதும் மக்கள் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 'விக்ரம்' என்ற இந்தியக் கலம், சந்திரனின் தென் துருவப் பகுதியில் பூப்போல இறங்கியது.

நாடெங்கும் ஒரே ஆரவாரம்! அந்தப் பகுதியில் முதன்முதலாகக் கால் வைத்த நாடு இந்தியாதான்.

விக்ரமின் வயிற்றிலிருந்து 'பிரக்ஞான்' என்ற 6 சக்கர வண்டி இறங்கியது. மெல்ல மெல்ல ஊர்ந்து, சுமார் 100 மீட்டர் தூரம் போயிற்று. மண்ணைச் சோதித்தது. படம் பிடித்து அனுப்பியது.

செப்டம்பர் மாதம் முதல் வாரத்தில் சந்திரனில் பொழுது சாயத் தொடங்கியது. விஞ்ஞானிகள் வண்டியையும் கலத்தையும் 'தூங்க' வைத்தார்கள். அங்கே மறுபடி பொழுது விடிந்ததும் எழுப்பிப் பார்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

செப்டம்பர் 22ந் தேதி அங்கே பொழுது விடிந்திருந்தது. விஞ்ஞானிகள் ரேடியோ மூலம் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மீண்டும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. தூங்கப் போன இரண்டும் எழுந்திருக்கவே இல்லை.

அவற்றின் மேல் குறை சொல்வதற்கில்லை. 14 நாள் உழைப்பதற்காகவே அவை செய்யப்பட்டன. அந்த உழைப்பைக் குறைவில்லாமல் கொடுத்துவிட்டன. அதற்கு மேல் அவற்றை உயிரோடு இருக்க விடாதது எது?

சந்திரனின் இரவு!

இரும்பும் கம்பியும் கொண்டு செய்த எந்திரத்துக்கே இந்தக் கதி என்றால், ரத்தமும் சதையும் கொண்ட மனிதன் அங்கே எப்படிக் குடியிருப்பான்?

எப்படிப்பட்ட ஊர்?

பூமியில் 24 மணி நேரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் வந்து போய்விடுகின்றன. சந்திரனில் அப்படி அல்ல. அங்கே சூரியன் உதித்தால், மறைவதற்குச் சுமார் 14 நாள் ஆகும். மறைந்தால், மறுபடி உதிப்பதற்கு இன்னும் 14 நாள் ஆகும்.

14 நாள் பகலில் நடுப்பகுதியில் உள்ள தரை 120 டிகிரி வரை கொதிக்கும். தண்ணீர் கொதிப்பதற்கு 100 டிகிரி போதும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரவு வந்தால் உஷ்ணம் மளமளவென்று இறங்கும். சைபருக்கும் கீழே 130 டிகிரிக்குப் போய்விடும்!

ஏன் இவ்வளவு கொடுமை? பூமிக்குக் காற்று ஒரு கம்பளி மாதிரி. பகல் வெயிலைத் தணிக்கிறது. இரவுக் குளிரைத் தடுக்கிறது. சந்திரனுக்கு அந்தக் கம்பளி இல்லை. அங்கே காற்றே இல்லை என்று சொல்லலாம்.

காற்று இல்லாததால் சத்தமும் இல்லை. பக்கத்தில் நின்று ஒருவர் கத்தினாலும் காதில் விழாது. பகலிலும் வானம் கறுப்பாகவே இருக்கும்.

நிலாவில் பாட்டி உட்கார்ந்து வடை சுடுவதாகச் சொல்லிக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். பாவம், அந்தப் பாட்டி! அங்கே அடுப்பே எரியாது. நெருப்பு எரியவும் காற்று வேண்டுமே!

ஒரே ஒரு சுகம் உண்டு. சந்திரனின் இழுப்புச் சக்தி பூமியின் சக்தியில் ஆறில் ஒரு பங்குதான். இங்கே 60 கிலோ எடையுள்ள ஆள் அங்கே 10 கிலோதான் இருப்பார். ஒரு மூட்டை அரிசியைக் குழந்தைகூடத் தூக்கிவிடும்.

ஆனால், அந்தச் சுகத்துக்குள்ளும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

போனவர்கள் 12 பேர்

சந்திரனில் மனிதன் முதன்முதலாகக் கால் வைத்தது 1969ஆம் ஆண்டு ஜூலை 20ந் தேதி. அமெரிக்காவைச் சேர்ந்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் முதலில் இறங்கினார். பிறகு பஸ் ஆல்ட்ரின் இறங்கினார்.

அவர்கள் சந்திரனில் இருந்த நேரம் 21½ மணிதான். அதில் வெளியே நடந்தது சுமார் 2½ மணி நேரம்.

அதன் பிறகு 5 தடவை அமெரிக்கர்கள் போய் வந்தார்கள். மொத்தம் 12 பேர். கடைசியாக 1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் போன யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும்தான் அதிக நேரம் தங்கினார்கள். எவ்வளவு நேரம் தெரியுமா? 75 மணி. அதாவது மூன்று நாளுக்குச் சற்று அதிகம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்த 12 பேரும் இறங்கியது சந்திரனின் காலைப் பொழுதில். இரவு வருவதற்கு முன்பே புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

சந்திரனின் இரவை அங்கே இருந்து அனுபவித்த மனிதர் ஒருவரும் இல்லை!

இரவைத் தாண்டிய வண்டி

மனிதன் தாண்டவில்லை. எந்திரம் தாண்டியிருக்கிறது.

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ரஷ்யர்கள் 'லூனகோட்' என்ற வண்டியைச் சந்திரனில் இறக்கினார்கள். பார்ப்பதற்கு 8 சக்கரம் வைத்த அண்டா மாதிரி இருக்கும். மேலே ஒரு மூடி.

பகலில் மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளும். மூடியின் உட்புறத்தில் உள்ள தகடுகள் வெயிலை வாங்கி மின்சாரம் செய்யும். பொழுது சாய்ந்ததும் வண்டி மூடியை மூடிக்கொள்ளும். உள்ளே 'பொலோனியம்' என்ற கதிர்வீச்சுப் பொருள் கணப்புச் சட்டியைப் போல வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இந்தத் தந்திரத்தால் அது ஓர் இரவல்ல, பல இரவுகளைத் தாண்டியது. பல மாதம் ஓடி உழைத்தது.

விக்ரமில் அப்படிப்பட்ட கணப்பு இல்லை. அதனால்தான் அது உறைந்துபோயிற்று.

ஆக, வழி இல்லாமல் இல்லை. இரவு முழுவதும் அணையாத கணப்பு வேண்டும். மனிதன் குடியிருப்பதற்கு முதல் நிபந்தனை இதுதான்.

பருத்திச் செடியின் கதை

எந்திரம் வேறு, உயிர் வேறு. உயிருள்ள ஒன்று சந்திரனில் பிழைக்குமா? சீன விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

2019ஆம் ஆண்டு ஜனவரி 3ந் தேதி, பூமியிலிருந்து நமது கண்ணுக்குத் தெரியாத சந்திரனின் மறுபக்கத்தில் 'சாங்–இ 4' என்ற சீனக் கலம் இறங்கியது. அதற்குள் ஒரு சிறிய உலோக டப்பா. டப்பாவுக்குள் மண், தண்ணீர், காற்று எல்லாம் உண்டு. பருத்தி விதை, உருளைக் கிழங்கு விதை, ஈயின் முட்டை ஆகியவற்றையும் வைத்திருந்தார்கள்.

இறங்கியதும் விதைக்குத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. சில நாளில் பருத்தி விதை முளைத்துவிட்டது! பச்சைப் பசேலென்ற இலையைப் படத்தில் பார்த்து உலகமே வியந்தது. பூமிக்கு வெளியே வேறொரு மண்டலத்தில் முளைத்த முதல் செடி அது.

ஆனால், அந்த ஆனந்தம் நீடிக்கவில்லை. சந்திரனில் பொழுது சாய்ந்தது. டப்பாவைச் சூடாக வைத்திருக்க மின்சாரம் இல்லை. குளிர் புகுந்தது. பருத்திச் செடி மடிந்துபோயிற்று.

முதல் மண்ணும் முதல் தண்ணீரும் கொண்டுபோன மனிதன், இரவுக்கு வேண்டிய கதகதப்பைக் கொண்டுபோகவில்லை.

ஒரு குடம் தண்ணீர் 150 கோடி!

குளிருக்குக் கணப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மூச்சு விட வேண்டுமே! குடிக்க வேண்டுமே!

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் பிராணவாயு தேவை. பெரியவர்கள் நான்கு பேர் ஓர் ஆண்டு இருப்பதற்கு 1,200 கிலோவுக்கு மேல் வேண்டும்.

பூமியிலிருந்து கொண்டுபோகலாமே? கொண்டுபோகலாம். ஆனால், கூலி எவ்வளவு தெரியுமா?

சந்திரனுக்குச் சரக்கு ஏற்றிப்போக முன்வந்த ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனம், ஒரு கிலோவுக்கு 12 லட்சம் டாலர் என்று கட்டணம் அறிவித்தது. நமது பணத்தில் ஏறத்தாழ 10 கோடி ரூபாய்!

அந்தக் கணக்கில் 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடம் தண்ணீருக்கு 150 கோடி ரூபாய் ஆகிறது. அந்த நான்கு பேரின் ஓராண்டு மூச்சுக்கு மட்டும் 12 ஆயிரம் கோடி ரூபாய் ஆகும்!

இது கட்டுப்படியாகுமா? ஆகாது. அப்படியானால், காற்றையும் தண்ணீரையும் சந்திரனிலேயே தேடிக்கொள்ள வேண்டும்.

சந்திரயான் கண்ட தண்ணீர்

சந்திரன் எலும்பாகக் காய்ந்த ஊர் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

2008ஆம் ஆண்டு அக்டோபர் 22ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'சந்திரயான்–1' புறப்பட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் தமிழரான மயில்சாமி அண்ணாதுரை. அதில் பொருத்தியிருந்த ஓர் அமெரிக்கக் கருவி, சந்திரனின் மேல்மண்ணில் தண்ணீரின் அடையாளம் இருப்பதைக் கண்டது. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அடுத்த மாதமே அமெரிக்கர்கள் ஒரு ராக்கெட்டின் காலிப் பகுதியைத் தென் துருவத்துக்கு அருகில் உள்ள 'கபேயஸ்' என்ற பள்ளத்தில் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். கிளம்பிய மண்ணைச் சோதித்தார்கள். அந்த மண்ணில் 100 கிலோவுக்குச் சுமார் 5 கிலோ தண்ணீர் இருப்பதாகத் தெரிந்தது.

இந்தத் தண்ணீர் எப்படித் தப்பியது? துருவப் பகுதியில் சில பள்ளங்கள் மிக ஆழமானவை. அவற்றின் அடியில் கோடிக் கணக்கான ஆண்டுகளாகச் சூரிய ஒளியே பட்டதில்லை. அங்கே குளிர் சைபருக்கும் கீழே 200 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் பனிக்கட்டியாக அப்படியே கிடக்கிறது.

அதே துருவத்தில் உயரமான சில மேடுகளும் இருக்கின்றன. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தொடுவானத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி வருகிறான். அதனால் அந்த மேடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் இருக்கும். 14 நாள் இரவு என்ற தொல்லை மிகவும் குறையும்.

மேட்டில் வெயில், பக்கத்துப் பள்ளத்தில் பனிக்கட்டி! மேட்டில் வீடு, பள்ளத்தில் கிணறு என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவும், சீனாவும், இந்தியாவும் தென் துருவத்தின் மேல் கண் வைத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

பனிக்கட்டியை உருக்கினால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தால் பிராணவாயு. கூடவே கிடைக்கும் ஹைட்ரஜன் வாயு ராக்கெட்டுக்கு எரிபொருள்.

மண்ணிலும் பிராணவாயு உண்டு. சந்திர மண்ணின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிராணவாயுதான்! ஆனால், அது கல்லோடு கல்லாகக் கலந்து கிடக்கிறது. பெரும் உலையில் காய்ச்சிப் பிரிக்க வேண்டும். அதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டும்.

கண்ணாடி மாளிகையில் மூச்சுத் திணறல்

சந்திர வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகக் கூடாது. ஒரு மூச்சும் வீணாகக் கூடாது. விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி இழுக்க வேண்டும்.

இது முடியுமா என்று பூமியிலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் சுமார் 3 ஏக்கர் பரப்பில் ஒரு பெரிய கண்ணாடி மாளிகை கட்டினார்கள். அதற்கு 'பயோஸ்பியர்–2' என்று பெயர். உள்ளே சிறு காடு, வயல், குளம் எல்லாம் அமைத்தார்கள். 1991ஆம் ஆண்டு செப்டம்பரில் 4 ஆண்களும் 4 பெண்களும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. 2 ஆண்டு வெளி உலகத்தின் காற்றோ உணவோ இல்லாமல் வாழ வேண்டும் என்பது ஏற்பாடு.

சில மாதங்களில் அவர்களுக்குக் களைப்பு ஏற்பட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. சோதித்துப் பார்த்தபோது, 21 சதவீதம் இருக்க வேண்டிய பிராணவாயு வர வரக் குறைந்து, 15 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது!

யார் திருடினார்கள்? வயல் மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தின்றுவிட்டன. அவை வெளியிட்ட கரியமில வாயுவைக் கட்டடத்தின் சிமெண்டு உறிஞ்சிக்கொண்டது. அதனால், செடிகள் அதைத் திரும்பவும் பிராணவாயுவாக மாற்ற முடியவில்லை.

1993ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிலிருந்து பிராணவாயுவை உள்ளே செலுத்தினார்கள். எட்டுப் பேரும் உற்சாகம் அடைந்தார்கள்.

பூமியாக இருந்ததால் வெளியே காற்று இருந்தது. சந்திரனில் இப்படி நேர்ந்தால் எங்கே போவது?

ஆனால், முயற்சி அதோடு நின்றுவிடவில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 370 நாள், சீனத் தலைநகரான பீஜிங்கில் ஒரு மூடிய கூடத்தில் 8 மாணவர்கள், நான்கு நான்கு பேராக, மாறி மாறி வாழ்ந்து காட்டினார்கள். கோதுமையும் காரட்டும் பயிரிட்டார்கள். புரதச் சத்துக்காகப் புழுக்களை வளர்த்து, வறுத்துச் சாப்பிட்டார்கள்! காற்றும் தண்ணீரும் சுத்தமாகித் திரும்பத் திரும்பப் பயன்பட்டன.

வானத்தில் பறந்துகொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து குடிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் 100 லிட்டருக்கு 98 லிட்டரைத் திரும்பப் பெற்றுக் காட்டினார்கள்.

கொத்தவரங்காய்ச் செங்கல்

இனி வீடு. சந்திரனில் மேல்தரையில் வீடு கட்டினால் போதாது. மண்ணுக்கு அடியில் இருக்க வேண்டும்.

காரணம் குளிரும் வெயிலும் மட்டும் அல்ல. சூரியனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் உடலைத் துளைக்கும் கதிர்கள் எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. பூமியில் நம்மைக் காற்றும் காந்த மண்டலமும் காக்கின்றன. சந்திரனில் இரண்டும் இல்லை. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மேல் படுவதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சந்திரத் தரையில் கதிர் படுகிறது என்று சீனக் கலம் அளந்து சொன்னது.

1972ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சூரியனில் ஒரு கடும் புயல் எழுந்தது. ஏப்ரலில் போனவர்கள் அதற்குள் திரும்பிவிட்டார்கள். அடுத்தவர்கள் போனது டிசம்பரில். நடுவே யாரும் சந்திரனில் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். நூலிழையில் தப்பினார்கள்!

இந்தக் கதிரைத் தடுக்க இரண்டு, மூன்று மீட்டர் கனத்துக்கு மண்ணைக் கொட்டி வீட்டை மூட வேண்டும். மண் நல்ல போர்வை. இதை விக்ரமே நிரூபித்தது. அதிலிருந்த கருவி மேல்தரையில் 50 டிகிரிக்கு மேல் உஷ்ணம் காட்டியது. 8 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது நான்கு விரல்கடை அளவுக்குக் கீழே, சைபருக்கும் கீழே 10 டிகிரி! அவ்வளவு குறைந்த ஆழத்துக்குக்கூட உஷ்ணம் இறங்கவில்லை.

இயற்கையே கட்டி வைத்த வீடுகளும் உண்டு. ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடிய சுரங்கங்கள் சந்திரனில் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டில் ஜப்பானியக் கலம் ஒன்று இப்படிப்பட்ட ஒரு பள்ளத்தின் வாயைக் கண்டுபிடித்தது. ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கிய 'அமைதிக் கடல்' சமவெளியில் உள்ள ஒரு பள்ளம், குகையாக உள்ளே நீள்கிறது என்று 2024ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இத்தகைய பள்ளங்களின் நிழலில் பகலிலும் இரவிலும் சுமார் 17 டிகிரி உஷ்ணம் இருக்கும் என்பது அமெரிக்க விஞ்ஞானிகளின் கணக்கு. மலைவாசஸ்தலக் குளிர்தான்!

வீடு கட்டச் செங்கல்? அதற்கும் வழி தேடுகிறார்கள். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் ஒரு செங்கல் செய்து காட்டின. சந்திர மண்ணைப் போன்ற மண், யூரியா, ஒரு வகை நுண்ணுயிர், கொத்தவரை விதையிலிருந்து எடுத்த பிசின் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த கல் அது. சுடவே வேண்டாம்! யூரியாவை மனிதனின் சிறுநீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சந்திர மண்ணைப் போன்ற மண் எங்கே கிடைக்கிறது? நமது நாமக்கல் மாவட்டத்திலேயே கிடைக்கிறது! சித்தம்பூண்டி பக்கத்தில் உள்ள ஒரு வகைப் பாறை, சந்திரனின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துக் கொட்டி, அதன் மேல்தான் சந்திரயானின் கால்களையும் சக்கரங்களையும் இஸ்ரோ சோதித்துப் பார்த்தது. சந்திரனுக்குப் போகும் முன் நமது கலங்கள் நாமக்கல் மண்ணை மிதித்துவிட்டுத்தான் போயின.

ஒட்டிக்கொள்ளும் தூசு

சந்திர மண்ணில் ஒரு கெட்ட குணம் உண்டு. அங்கே காற்றும் மழையும் இல்லாததால், அந்தத் தூசு தேய்ந்து மழமழப்பாகவில்லை. ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி மாதிரி கூராக இருக்கும். உடையில் ஒட்டினால் போகாது.

கடைசியாகப் போன ஹாரிசன் ஷ்மிட், உடையைக் கழற்றியபோது பறந்த தூசு பட்டு, மூக்கடைத்துத் தும்மினார். தூசு வெடிமருந்து போல நாறியது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். மூன்று நாளில் இந்தப் பாடு. மூன்று ஆண்டு சுவாசித்தால் நுரையீரல் என்னாவது? கல் உடைக்கும் தொழிலாளர்களுக்கு நெஞ்சில் தூசு படிந்து நோய் வருவதை நாம் அறிவோம்.

அந்த மண்ணில் பயிர் விளையுமா? 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக் கழக விஞ்ஞானிகள், 50 ஆண்டாகப் பூட்டி வைத்திருந்த உண்மையான சந்திர மண்ணில் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் விதையை ஊன்றினார்கள். விதைகள் முளைத்தன! ஆனால், செடிகள் குன்றிப்போய், சோகையாக வளர்ந்தன. உரமிட்டுப் பக்குவப்படுத்தினால் அந்த மண் பயன்படலாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது.

குழந்தைக்கு என்ன ஆகும்?

உடல் எடை குறையும் சுகத்துக்குள் ஓர் ஆபத்து இருப்பதாக முன்பு சொன்னோம் அல்லவா?

எலும்பும் தசையும் பாரம் சுமந்தால்தான் பலமாக இருக்கும். எடையே இல்லாத விண்வெளி நிலையத்தில் தங்குகிறவர்களின் எலும்பு, மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் கரைகிறது. அதைத் தடுக்க அவர்கள் தினமும் 2 மணி நேரம் தேகப் பயிற்சி செய்கிறார்கள்.

சந்திரனில் ஆறில் ஒரு பங்கு எடையாவது இருக்கிறது. அது போதுமா, போதாதா? மூன்று நாள் இருந்துவிட்டு வந்தவர்களை வைத்து முடிவு சொல்ல முடியாது.

பெரியவர்கள் போய்த் திரும்பலாம். ஆனால், குடித்தனம் என்றால் குழந்தை உண்டு. சந்திரனிலேயே ஒரு குழந்தை பிறந்து வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ பாரத்தைச் சுமந்தே பழகிய கால்கள் அவை. அந்தக் குழந்தை பெரியவனாகித் தாத்தா பாட்டியைப் பார்க்கப் பூமிக்கு வந்தால், 60 கிலோ பாரத்தை அந்தக் கால்கள் தாங்குமா? அவனால் எழுந்து நிற்க முடியுமா?

இதற்கு விடை தெரியாமல் எந்தத் தாயும் அங்கே பிள்ளை பெறத் துணிய மாட்டாள். 'குடியிருப்பு' என்ற சொல்லுக்கு நடுவே மலையாக நிற்பது இந்தக் கேள்விதான்.

பட்டா வாங்க முடியுமா?

சந்திரனில் மனை விற்பதாகச் சொல்லி, அச்சடித்த பத்திரம் கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. ஏமாந்துவிட வேண்டாம்! 1967ஆம் ஆண்டு உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சந்திரனை எந்த நாடும் தனக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. நாட்டுக்கே சொந்தம் இல்லாத நிலத்துக்கு யார் பட்டா கொடுப்பது?

முடிவு என்ன?

சந்திரனில் மனிதன் தங்க முடியுமா? முடியும். குடியேற முடியுமா? இப்போதைக்கு முடியாது.

தென் துருவத்தில் உள்ள அண்டார்டிகா கண்டத்தில் 'மைத்ரி', 'பாரதி' என்ற இரண்டு நிலையங்களை இந்தியா அமைத்திருக்கிறது. சூரியனே தெரியாத பனிக்காலத்திலும் நமது ஆட்கள் அங்கே இருந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். முறை முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிறார்கள். வேறு ஆட்கள் போகிறார்கள். அங்கே யாரும் மனைவி மக்களோடு குடித்தனம் நடத்துவதில்லை.

சந்திரனிலும் முதலில் வரப்போவது அப்படிப்பட்ட நிலையம்தான். மண்ணுக்கு அடியில் நாலைந்து பேர். பனிக்கட்டியிலிருந்து மூச்சு. சிறுநீரிலிருந்து குடிநீர். சில மாதம் வேலை, பிறகு வீடு.

அப்போதும், மூச்சுக்காற்றுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும். குழாயில் ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் உயிர் போய்விடும். நோய் வந்தால், பூமிக்குத் திரும்ப மூன்று நாள் ஆகும். இங்கே நாம் நினைக்காமலே இழுத்து விடும் மூச்சை, அங்கே மின்சாரமும் எந்திரமும் கொண்டு நாள்தோறும் சம்பாதிக்க வேண்டும்.

2040ஆம் ஆண்டுக்குள் இந்தியர் ஒருவரைச் சந்திரனுக்கு அனுப்புவது என்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியா இலக்கு அறிவித்தது. இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளை அந்தப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம்.

விக்ரம் அந்த இரவைத் தாண்டவில்லை. பருத்திச் செடியும் தாண்டவில்லை. ஒரு நாள் மனிதன் தாண்டுவான். 14 நாள் இருட்டைக் கழித்துவிட்டு, சந்திரனில் சூரியன் உதிப்பதைக் கண் விழித்துப் பார்க்கும் முதல் மனிதன் எவனோ, அவனே சந்திரனின் முதல் குடிமகன் ஆவான்!